விதைத்தவரும் அறுவடையும்

பங்குப் பேரவைக் கூட்டங்களிலும் அன்பியக் கூட்டங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு சொல் உண்டு: "அரசியல் ஒரு சாக்கடை, அது நமக்கு எதற்கு?" சொல்பவர் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார். கோயில் காரியங்களில் முன்னிற்பவர், ஏழைகளுக்கு உதவுபவர், பிள்ளைகளைக் கட்டுப்பாடாக வளர்ப்பவர். ஆயினும் அவருடைய மகன் ஊராட்சித் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்றால் தந்தைக்கு உறக்கம் போய்விடும். குருமடத்துக்கு அனுப்பக் கலங்காத மனம், சட்டமன்றத்துக்கு அனுப்பக் கலங்குகிறது. இவ்வச்சத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு துறையை முழுமையாக எடைபோட்டுவிட முடியாது. அத்துறையில் வாழ்ந்து முடித்த ஒரு மனிதரின் வரலாற்றை எடுத்து, அவர் நின்ற இடங்களையும் சறுக்கிய இடங்களையும் நேர்மையாகப் பார்ப்பதே முறையாகும்.

கொங்கு நாட்டில் அத்தகைய மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் மத்திய சட்டசபையின் தலைவராக வீற்றிருந்தவர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26ஆம் நாள் அவையில் வைத்தவர். தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராகத் தமிழுக்குக் கலைக்களஞ்சியம் கிடைக்க வழிசெய்தவர். இவர்களுள் நாம் இங்கு எடுத்துக்கொள்வது பொள்ளாச்சிப் பகுதி தந்த சி. சுப்பிரமணியத்தின் வாழ்வை. நம் நாட்டின் உணவுக் கதையோடு பிரிக்க முடியாதபடி பின்னிப்போன வாழ்வு அது.

செங்குட்டைப்பாளையத்திலிருந்து

1910 ஜனவரி 30ஆம் நாள் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் சுப்பிரமணியம் பிறந்தார். அக்காலத்துக் கொங்குச் சீமை வானம் பார்த்த பூமி. ஆழ்ந்த கிணறு வெட்டி, கவலையில் எருது பூட்டி, தோல் பறியால் நீர் இறைத்துத்தான் பயிர் காக்க வேண்டும். கம்பும் சோளமும் ராகியுமே அன்றாட உணவு. நெல்லுச் சோறு விருந்து நாளுக்குரியது. மழை பொய்த்தால் வீட்டில் என்ன நிகழும் என்பதைப் புத்தகத்தில் படித்து அறிய வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பின்னர் சட்டம் பயின்றார். கல்லூரி நாள்களில் பெரியசாமித் தூரன் முதலிய நண்பர்களோடு சேர்ந்து 'வனமலர்ச் சங்கம்' அமைத்தார். 'பித்தன்' என்னும் இதழை அந்நண்பர்கள் நடத்தினர். பிற்காலத்தில் திருப்பராய்த்துறையில் இராமகிருஷ்ண தபோவனம் நிறுவிய சுவாமி சித்பவானந்தர் அவருடைய சிற்றப்பா முறையினர். இளைஞர் சுப்பிரமணியத்தின் மனத்தில் எளிமையையும் ஒழுங்கையும் ஊன்றியவர் அவரே எனலாம். 1932இல் சட்டமறுப்பு இயக்கத்தில் சிறை சென்றார். கோவையில் வழக்கறிஞர் தொழில் நடத்தினார். 1942இல் மீண்டும் சிறை.

1946இல் அரசியல் நிர்ணய சபைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அடிகளாரும் அதே மாகாணத்தின் பிரதிநிதியாக அச்சபையில் அமர்ந்திருந்தார். சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை, சிறுபான்மையினர் கல்விக்கூடங்கள் நடத்தும் உரிமை ஆகியவை விவாதிக்கப்பட்ட மன்றம் அது. இன்று நம் மறைமாவட்டப் பள்ளிகள் இயங்கும் சட்ட அடித்தளம் அங்கே இடப்பட்டது. ஒரு துறவியும் ஓர் உழவர் வீட்டு வழக்கறிஞரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து அவ்வேலையில் பங்குகொண்டனர் என்பதை, அரசியலைச் சாக்கடை என்போர் ஒருகணம் எண்ணிப்பார்க்கலாம்.

தோற்றவர் அமைச்சரானார்

1952இல் இராஜாஜி அமைச்சரவையில் சுப்பிரமணியம் இடம்பெற்றார். அவர் அவ்வமைச்சரவையில் இருந்தபோதுதான் 1953இல் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. கிராமப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மறுபாதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் செலவிட வேண்டும் என்ற அத்திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று கூறி எதிர்த்தவர்கள் பலர். செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத் தைக்கவும், சலவை செய்பவர் பிள்ளை சலவை செய்யவும் பள்ளியே வழிகாட்டுவதா என்ற கேள்வி நியாயமானது. சட்டமன்றத்தில் அத்திட்டத்துக்கு ஆதரவாகப் பேசும் கடமை, பின்னர் கல்வித்துறையை ஏற்ற சுப்பிரமணியத்துடையதாயிற்று. அவர் பேசினார்.

1954இல் இராஜாஜி பதவி விலகினார். சட்டமன்றக் காங்கிரஸ் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசரை எதிர்த்து இராஜாஜியின் ஆதரவோடு சுப்பிரமணியம் நின்றார். காமராசருக்கு 93 வாக்குகள், சுப்பிரமணியத்துக்கு 41. வென்றவர் தோற்றவரைத் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். அதே கல்வித்துறையையும் கொடுத்தார். ஆகவே, முன்பு தாம் காத்து நின்ற தொடக்கக் கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்று 1954 மே மாதத்தில் அவையில் அறிவித்தவரும் சுப்பிரமணியமே.

இதை நாம் எப்படி மதிப்பிடுவது? பதவிக்காகக் கொள்கையை மாற்றினார் என்று சொல்வது எளிது. ஆனால் அவர் அதோடு நின்றுவிடவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் காமராசர் தலைமையில் பள்ளியில்லா ஊர்களுக்குப் பள்ளி வந்தது. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. கல்விக்கும் நிதிக்கும் ஒருவரே அமைச்சராக இருந்தமையால் பள்ளிக்கு வேண்டிய பணத்தைக் கண்டுபிடிக்கும் சுமையும் அவர் தோளிலேயே விழுந்தது. அரைநாள் பள்ளிக்கு வாதாடியவர், முழுநாள் பள்ளிக்கும் அங்கு வரும் பிள்ளையின் வயிற்றுக்கும் சேர்த்து உழைத்தார். மனமாற்றம் என்பதை ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் எப்படி அளக்கிறோம்? கண்ணீரை வைத்தா, அதன் பின் நடந்த நடையை வைத்தா? அதே அளவுகோலை இங்கும் பயன்படுத்துவதே நீதி.

அப்பத்தாண்டின் மற்றொரு கொடை நம் கண்முன்னே ஓடுகிறது. ஆனைமலையில் பெய்யும் மழை மேற்கே இறங்கி அரபிக்கடலில் சேரும். கிழக்கேயுள்ள பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளின் மண் வறண்டு கிடக்கும். அந்நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் அக்காலத்தில் உருவாயிற்று. வி.கே. பழனிச்சாமிக் கவுண்டர், நா. மகாலிங்கம் முதலிய வட்டாரத் தலைவர்களோடு அமைச்சர் சுப்பிரமணியமும் அதற்கு முனைந்து நின்றார். சென்னையில் காமராசர், திருவனந்தபுரத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு, ஒருவர் காங்கிரஸ், மற்றவர் கம்யூனிஸ்ட். இருப்பினும் தண்ணீருக்காக உட்கார்ந்து பேசினர். 1961 அக்டோபரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முறையான உடன்படிக்கை 1970இல்தான் கையெழுத்தாயிற்று. வேலையோ அதற்குமுன்பே நடந்துகொண்டிருந்தது. சோலையாறு, பரம்பிக்குளம், ஆழியாறு, திருமூர்த்தி என அணைகளும் சுரங்கங்களும் வாய்க்கால்களும் இணைந்து ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கருக்கு முறைவைத்து நீர் தரும் திட்டம் அது. கம்பங்களி உண்ட ஊர்களில் இன்று தென்னந்தோப்புகள் நிற்பதற்கு அந்நீர் ஒரு பெருங்காரணம்.

கப்பலை எதிர்நோக்கிய நாடு

1962இல் பொள்ளாச்சித் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற சுப்பிரமணியத்தை நேரு உருக்குத் துறை அமைச்சராக்கினார். 1964இல் நேரு மறைந்தபின் லால் பகதூர் சாஸ்திரி அவருக்கு உணவு, வேளாண்மைத் துறையைக் கொடுத்தார். அரசியல்வாதிகள் விரும்பி ஏற்கும் துறையாக அது அன்று இல்லை. அதில் அமர்ந்தவர்க்குக் கிடைப்பதெல்லாம் பஞ்சத்தின் பழியே.

அன்றைய நிலையை இளைஞர்கள் கற்பனை செய்வதும் கடினம். அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின்கீழ் வந்த கோதுமையே நாட்டின் பங்கீட்டுக் கடைகளைத் திறந்து வைத்திருந்தது. கப்பல் வந்தால் அடுப்பு எரியும் என்ற நிலை. நம் பங்குகளின் முதியோரைக் கேட்டால், கோயில் வளாகத்தில் பால்பவுடருக்கும் கோதுமை மாவுக்கும் வரிசையில் நின்ற கதையை இன்றும் சொல்வர். அம்மாவு அமெரிக்கக் கத்தோலிக்கரின் அன்போடும் வந்தது. அமெரிக்க அரசின் கணக்கோடும் வந்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

1964–65இல் 8 கோடியே 94 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், மழை பொய்த்த 1965–66இல் 7 கோடியே 23 லட்சம் டன்னாக வீழ்ந்தது. அடுத்த ஆண்டும் வறட்சி, பீகாரில் பஞ்சம். 1966இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் அயல்நாடுகளிலிருந்து இறக்க நேர்ந்தது. அதே காலத்தில் பாகிஸ்தானோடு போர் மூண்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் தானியத்தை மொத்தமாக ஒப்புக்கொள்ளாமல் சிறிது சிறிதாகவே விடுவித்தார். இந்தியா தன் வேளாண் கொள்கையைத் திருத்துகிறதா என்று பார்த்தார். வியட்நாமைப் பற்றி இந்தியா பேசுவதையும் கவனித்தார். பசித்தவன் வாய் திறந்து பேசவும் விலை உண்டு என்பதை அந்நாள்கள் காட்டின. மக்கள் வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்க வேண்டும் என்று சாஸ்திரி கேட்டுக்கொண்டார்.

சுப்பிரமணியத்தின் எண்ணம் வேறு திசையில் சென்றது. உழவன் சோம்பேறி அல்லன். அவனுக்குக் கட்டுபடியாகும் விலை வேண்டும், நல்ல விதை வேண்டும், உரமும் நீரும் வேண்டும், இவற்றைச் சொல்லித்தர அறிவியல் வேண்டும் என்று அவர் கண்டார். 1965 ஜனவரியில் வேளாண் விலைக் குழுவும் இந்திய உணவுக் கழகமும் அமைந்தன. வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையை நிருவாக அதிகாரியிடமிருந்து எடுத்து, பி.பி. பால் என்னும் அறிவியலாளரிடம் ஒப்படைத்தார். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைரகக் கோதுமையை எம்.எஸ். சுவாமிநாதன் முதலியோர் தில்லியில் ஆய்ந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய முடிவுகளை அமைச்சர் ஏற்றார்; துறைச் செயலர் பி. சிவராமன் துணைநின்றார்.

எதிர்ப்பு எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தது. அந்நியச் செலாவணி எங்கே என்று நிதித்துறை கேட்டது. நிலச் சீர்திருத்தத்தை விட்டுவிட்டு விதையையும் உரத்தையும் பிடித்துக்கொள்வதா என்று இடதுசாரிகள் கேட்டனர். அயல்நாட்டு விதை புதுநோய்களைக் கொண்டுவராதா என்று சில அறிவியலாளர்கள் ஐயுற்றனர். பணக்கார உழவன் மேலும் பணக்காரனாவான் என்று பொருளியலார் எச்சரித்தனர். இவற்றுள் எதுவும் வீண் வாதம் அன்று. சுப்பிரமணியம் அவற்றுக்கு நாடாளுமன்றத்தில் விடையளித்ததோடு, வயலிலும் விடை தேடினார். உழவர்களின் சொந்த நிலங்களில் செயல்விளக்கப் பாத்திகள் அமைக்கச் செய்தார். தில்லியில் தமது அரசு இல்லத்தின் புல்வெளியையே உழுது புதிய கோதுமையை விதைத்தார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை கப்பலேறி வந்தது. உண்பதற்காக வந்த கப்பல்களின் நடுவே, விதைப்பதற்காக வந்த கப்பல் அது.

உரோமையில் ஒரு நவம்பர்

இங்கு நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய ஒரு பொருத்தம் உண்டு. 1965 நவம்பரில் ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் மாநாட்டுக்காக உரோமை சென்ற சுப்பிரமணியம், அங்கு அமெரிக்க வேளாண் அமைச்சர் ஓர்வில் ஃபிரீமனோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார். வேளாண்மைக்கு இந்தியா கூடுதல் நிதி ஒதுக்கும், உரத் தொழிலை வளர்க்கும். அமெரிக்கா தானியம் தரும் என்பது அதன் சாரம். அன்னியரிடம் பணிந்துவிட்டார் என்று இங்கே பலர் சீறினர். தாம் ஏற்கெனவே செய்ய எண்ணியிருந்ததையே ஒப்புக்கொண்டதாக அவர் கருதினார்.

அதே நகரில், அதே வாரங்களில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் இறுதி அமர்வில் இருந்தது. 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு அப்போதுதான் இறுதி வடிவம் பெற்று, டிசம்பர் 7ஆம் நாள் வெளியிடப்பட்டது. மண்ணின் பொருள்கள் மானிடர் அனைவருக்கும் உரியவை என்றும், பொதுநலனுக்காக ஆட்சிப் பொறுப்பின் சுமையை ஏற்போரின் பணி மதிப்புக்குரியது என்றும் சங்கத் தந்தையர் கற்பித்தனர். அதற்கு ஓராண்டு முன்னர்தான் திருத்தந்தை ஆறாம் பவுல் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்து, நம் நாட்டு ஏழைகளின் முகத்தை நேரில் கண்டு திரும்பியிருந்தார். டைபர் ஆற்றின் ஒருபுறம் ஆயர்கள் பசித்தோரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தனர். மறுபுறம் பொள்ளாச்சி உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் பசித்தோருக்காகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஒருவரையொருவர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும் இரண்டும் ஒரே கவலையின் இரு பக்கங்கள் என்று நாம் கருதுவது தவறாகாது.

பதவியைத் துறந்த நாள்

உணவுப் போராட்டத்தின் நடுவே மொழிப் போராட்டமும் வந்தது. 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாகும் என்ற நிலையில் தமிழகம் கொந்தளித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தனர், தீக்குளித்தோர் உண்டு, துப்பாக்கிச்சூட்டில் மாண்டோர் உண்டு. மத்திய அமைச்சர்களான சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பிப்ரவரி 11ஆம் நாள் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். சாஸ்திரி அவற்றை ஏற்கலாமெனக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். இராதாகிருஷ்ணனோ ஏற்க மறுத்தார். இந்தி பேசாத மக்களுக்கு நேரு அளித்த உறுதிமொழி காக்கப்படும் என்று சாஸ்திரி அன்றிரவே வானொலியில் அறிவித்தார். விலகல் கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன. மறுநாள் சுப்பிரமணியத்தின் சொந்த ஊர்ப்புறமான பொள்ளாச்சியில் துப்பாக்கிகள் வெடித்தன. உயிர்கள் பல பலியாயின. அக்கடிதம் இன்னும் சில நாள் முன்னதாக எழுதப்பட்டிருந்தால் என்ற எண்ணம், அவருடைய தொகுதி மக்களுக்கு எழுந்திருந்தால் வியப்பில்லை.

இரண்டு ஆண்டுகள் கழிந்து 1967 பிப்ரவரியில் தேர்தல் வந்தது. அரிசி விலை ஏறியிருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம் ஊரெங்கும் ஒலித்தது. பொள்ளாச்சியின் துயரம் யாருக்கும் மறக்கவில்லை. விருதுநகரில் காமராசர் தோற்றார். கோபிசெட்டிபாளையம் மக்களவைத் தொகுதியில் உணவு அமைச்சர் சுப்பிரமணியம் தோற்றார். மக்களின் தீர்ப்பு தவறு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. பானையில் அரிசி இல்லாதவரிடம், வடக்கே ஒரு விதை முளைக்கிறது பொறுத்திரு என்று சொல்ல யாரால் இயலும்?

அடுத்த ஆண்டு அவ்விதை விளைந்தது. 1964–65இல் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த கோதுமை, 1967–68இல் 1 கோடியே 65 லட்சம் டன்னாயிற்று. 1970–71இல் 2 கோடியே 38 லட்சம் டன். பஞ்சாபில் களஞ்சியங்கள் போதாமல் பள்ளிக்கூடங்களில் கோதுமையைக் குவித்தனர். 1968இல் கோதுமைப் புரட்சியைக் கொண்டாடும் அஞ்சல் தலையை இந்திரா காந்தி வெளியிட்டார். 'பசுமைப் புரட்சி' என்ற பெயரும் அவ்வாண்டில்தான் பிறந்தது. அமைச்சர் நாற்காலியில் அப்போது வேறொருவர் இருந்தார். சமாரியக் கிணற்றடியில் ஆண்டவர் தம் சீடரிடம் விதைப்போரையும் அறுப்போரையும் பற்றிப் பேசியது நம் நினைவுக்கு வருகிறது. அங்கே இருவரும் சேர்ந்து மகிழ்வர் என்றார் ஆண்டவர். சுப்பிரமணியமும் அந்த விளைச்சலைத் தம் இழப்பாகக் கருதாமல் மகிழ்ந்திருப்பார் என்றே நம்புகிறோம். அதன்பின் இறுதிவரை வேளாண்மையை அவர் விடவில்லை என்பது அதற்குச் சான்று.

பதவியைத் துறக்காத நாள்

வரலாறு எழுதுவோர் புகழ்மாலை கட்டுவோராகிவிடக் கூடாது. 1969இல் காங்கிரஸ் பிளந்தபோது சுப்பிரமணியம் காமராசரை விட்டு இந்திரா காந்தியின் பக்கம் நின்றார்; அப்பிரிவின் இடைக்காலத் தலைவராகவும் இருந்தார். 1971இல் கிருஷ்ணகிரியிலிருந்து மக்களவை சென்றார். திட்டம், தொழில் வளர்ச்சி ஆகிய துறைகளை வகித்து, 1974 அக்டோபரில் நிதியமைச்சரானார். சிற்றூர் மக்களுக்குக் கடன் கிடைக்க வட்டார ஊரக வங்கிகள் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்டது அவர் காலத்தில்தான்.

ஆனால் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1975 ஜூன் 25 இரவில், நெருக்கடிநிலை கொண்டுவரப்பட்டிருந்தது. தலைவர்கள் சிறைப்பட்டனர், இதழ்களின் வாய் கட்டப்பட்டது, உரிமைகள் முடங்கின. செய்தி மறுநாள் காலையில்தான் அமைச்சரவைக்குத் தெரிவிக்கப்பட்டது. ஓர் அமைச்சரும் அன்று பதவி விலகவில்லை. நிதியமைச்சரும் விலகவில்லை, 1977 மார்ச் வரை தொடர்ந்தார். இருமுறை ஆங்கிலேயரின் சிறை கண்டவர், அரசியல் சட்டத்தை எழுதிய மன்றத்தில் அமர்ந்தவர், பத்தாண்டுக்கு முன் மொழிக்காகப் பதவியைத் தூக்கிக் கொடுத்தவர், உரிமைகளே பறிபோனபோது நாற்காலியில் இருந்தார். இவ்விரண்டையும் ஒரே மனிதரின் வாழ்வில்தான் நாம் படிக்கிறோம்.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன், நம்மையும் கேட்டுக்கொள்வோம். அந்த 21 மாதங்களில் திருச்சபை என்ற முறையில் நாம் உரத்த குரலில் பேசினோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. பேசிய சிலர் உண்டு. பெரும்பாலோர் பள்ளியையும் மருத்துவமனையையும் எண்ணி அமைதி காத்தோம். பேதுரு முற்றத்தில் குளிர்காய்ந்த இரவு, திருச்சபைக்கும் உண்டு, அரசியலாருக்கும் உண்டு.

1977இல் பழனித் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. பின்னர் இந்திரா காந்தியோடு பிரிந்து, 1979இல் சரண்சிங் அமைச்சரவையில் சில மாதங்கள் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். 1990இல் மகாராட்டிர ஆளுநரானார். பிரதமரின் செயற்பாட்டைப் பற்றித் தனிப்பட்ட உரையாடலில் அவர் கூறிய கருத்து செய்தியாக வெளிவந்தபோது, 1993 ஜனவரியில் பதவியை விட்டு விலகினார். இம்முறை 82 வயதில். 1998இல் பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் எம்.எஸ். சுப்புலட்சுமியும் அவ்விருதைப் பெற்றார். 2000 நவம்பர் 7ஆம் நாள் சென்னையில் சுப்பிரமணியம் காலமானார்.

யோசேப்பின் களஞ்சியம்

உணவு அமைச்சர் ஒருவரைப் பற்றி விவிலியத்தில் தேடினால் யோசேப்பே நம் முன் வருவார். வளமான ஆண்டுகளில் தானியம் சேர்த்து, பஞ்ச ஆண்டுகளில் எகிப்தையும் அண்டை நாடுகளையும் காத்த அவருடைய கதையை மறைக்கல்வி வகுப்பில் நாம் மகிழ்ச்சியோடு சொல்கிறோம். ஆனால் தொடக்க நூலில் இன்னும் சில பக்கங்கள் புரட்டினால் வேறொன்றும் இருக்கிறது. பஞ்சம் நீண்டபோது மக்கள் தானியத்துக்காக முதலில் பணத்தைக் கொடுத்தனர், பிறகு கால்நடையை, பிறகு நிலத்தை, இறுதியில் தங்களையே பார்வோனுக்குக் கொடுத்தனர். உயிர் காத்த களஞ்சியமே அடிமைத்தனத்துக்கும் வாயிலாயிற்று. மறையுரையில் இப்பகுதியை நாம் பெரும்பாலும் தொடுவதில்லை.

பசுமைப் புரட்சிக்கும் இந்த இரண்டாம் பக்கம் உண்டு. அது கோடிக்கணக்கானோரைப் பட்டினியிலிருந்து காத்தது. அயல்நாட்டுக் கப்பலை எதிர்நோக்கும் இழிவை நீக்கியது. இதை மறுப்பவர் 1966ஐ அறியாதவர். அதே வேளையில், விதையும் உரமும் பூச்சிமருந்தும் விலைக்கு வாங்கும் பொருள்களாயின. உழவரின் கடன் பெருகிற்று. கம்பும் சோளமும் வயலைவிட்டும் தட்டைவிட்டும் அகன்றன. இன்று சர்க்கரை நோயாளிக்கு மருத்துவர் எழுதித்தரும்போதுதான் அவை திரும்புகின்றன. கவலை ஏற்றம் போய் மின்மோட்டார் வந்தது. கிணறு வற்றி, ஆழ்குழாய் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிற்று. பஞ்சாபின் நிலத்தடி நீரும் நம் கொங்கு மண்ணின் நிலத்தடி நீரும் ஒரே கணக்கைக் காட்டுகின்றன. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், நிலமகளின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் சேர்த்துக் கேட்கும்படி நம்மை அழைத்தது இப்பின்னணியில்தான் நமக்குப் புரிகிறது.

இதற்கெல்லாம் 1966இல் விதை இறக்கிய அமைச்சரைப் பழிப்பது நியாயமாகுமா? பசித்த பிள்ளையைக் கையில் வைத்திருப்பவன் ஐம்பது ஆண்டுக்குப் பிந்திய நிலத்தடி நீரை எண்ணுவதற்கு முன் அடுப்பை எண்ணியாக வேண்டும். அவருடைய தலைமுறை தன் காலத்தின் கேள்விக்கு விடை தந்தது. அவ்விடையின் குறைகள் நம் காலத்தின் கேள்விகள். மரபுச் சிறுதானியங்களை மீட்பது, வாய்க்கால் நீரைக் கடைமடைக்கும் நேர்மையாகச் சேர்ப்பது, உழவர் கடனுக்கு வழிகாண்பது ஆகியவற்றுக்குச் சட்டமும் வரவு செலவுத் திட்டமும் தேவை. செபமாலையால் மட்டும் அவை நடந்துவிடா. செபிக்கிற கைகளுள் சில சட்டமன்றத்திலும் ஊராட்சி மன்றத்திலும் உயர வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

சி. சுப்பிரமணியத்தை நாம் புனிதராக்க முனையவில்லை. தவறான திட்டத்துக்கு வாதாடியதும், அதைத் தாமே திரும்பப் பெற்றதும், தோற்றபின் வென்றவரோடு சேர்ந்து உழைத்ததும், எதிர்ப்பின் நடுவே விதைத்ததும், பேச வேண்டிய நாளில் பேசாதிருந்ததும் எல்லாம் சேர்ந்ததே அவர் வாழ்வு. இத்தகைய வாழ்வில் கறை படியும். கறை படியும் என்று அஞ்சி எல்லா நல்லவர்களும் விலகிநின்றால், அந்த இடம் காலியாகக் கிடப்பதில்லை. அஞ்சாதவர்கள் வந்து அமர்வார்கள்.

ஆகவே நம் பங்குகளின் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். அடுத்தமுறை உங்கள் மகனோ மகளோ பொதுவாழ்வில் இறங்க ஆசைப்படுவதாகச் சொன்னால், உடனே வாயை அடைக்காதீர்கள். உட்காரவைத்துக் கேளுங்கள்: யாருடைய பசிக்காக? எந்த நாளில் பதவியைத் துறப்பாய்? இவ்விரு கேள்விக்கும் விடைதேடும் பிள்ளையை ஆசீர்வதித்து அனுப்புங்கள். ஞாயிறு திருப்பலியில் காணிக்கையாக நாம் எடுத்துச் செல்லும் அப்பம் நிலத்தின் விளைவும் மானிட உழைப்பின் பயனும் ஆகும். ஆழியாற்றிலிருந்து நீர் திருப்பிய பொறியாளரும், தில்லிப் புல்வெளியில் கோதுமை விதைத்த அமைச்சரும், வாய்க்கால் முறைக்காக இரவில் கண்விழித்த உழவரும் அவ்வுழைப்பில் அடங்குவர்.